உப்பு, கல்மரம், பென் டிரைவ்: எலக்ட்ரான் எங்கே நிலைக்கிறது?

பென் டிரைவில் போட்டு வைத்த ஃபைல் எத்தனை வருடம் இருக்கும்? கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கல்யாண போட்டோ, மதிப்பெண் பட்டியல், பட்டா நகல் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். "நாம் டெலீட் செய்யாத வரை அது அப்படியே இருக்கும்தானே சார்?" என்கிறார்கள்.

இருக்காது. எத்தனை வருடம் என்பதில்தான் பேச்சு. இதற்கான காரணம் கம்ப்யூட்டர் புத்தகத்தில் இல்லை. பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில், அணு அமைப்பு பற்றிய பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை இந்த மாதம் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். வேதியியல் படிக்காதவர்களும் பயப்படாமல் தொடரலாம். விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் கண்ணால் பார்க்கக் கூடிய பொருட்களை வைத்தே இதைச் சொல்லி விட முடியும்.

அணையும் கடலும்

மயிலத்துக்குப் பக்கத்தில் வீடூர் அணை இருக்கிறது. அங்கே தண்ணீர் அசையாமல் நிற்கிறது. கிழக்கே மரக்காணத்தில் கடல். அங்கேயும் தண்ணீர்தான். இரண்டும் 'நிலையாக' இருப்பது போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கடல் தண்ணீர் இறங்குவதற்கு இனி கீழே இடம் இல்லை. அணைத் தண்ணீருக்கு இடம் இருக்கிறது, கரைதான் தடுத்து வைத்திருக்கிறது. கரையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் அது கீழ்நோக்கிப் போய் விடும்.

எலக்ட்ரானும் இப்படித்தான். அது நிலைத்து நிற்பதற்கு இரண்டு வழி. ஒன்று, போகக் கூடிய மிகக் கீழான இடத்துக்குப் போய்ச் சேர்ந்து விடுவது. இன்னொன்று, மேலேயே இருந்தாலும் ஒரு சுவர் அதைத் தடுத்து வைப்பது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

அடி ஆற்றல் நிலை

அணுவின் நடுவில் அணுக்கரு. அதைச் சுற்றி எலக்ட்ரான்கள். எலக்ட்ரான் தனக்கு இஷ்டப்பட்ட ஆற்றலுடன் இருக்க முடியாது. மாடிப்படி போலக் குறிப்பிட்ட படிகளில்தான் நிற்க முடியும். இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்க இடம் கிடையாது. ஹைட்ரஜன் அணுவுக்கு இந்தப் படிகளை 1913-ல் நீல்ஸ் போர் கணக்கிட்டுக் காட்டினார். ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் எல்லாம் மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்படி அமைந்திருந்தால் அதற்கு அடி ஆற்றல் நிலை என்று பெயர். வெளியிலிருந்து ஆற்றல் கிடைத்து ஓர் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறி விட்டால் அது கிளர்வுற்ற நிலை.

இந்த ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற சின்ன அளவால் சொல்வார்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். அது ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுக்கும் ஆற்றல் 1.5 எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவுதான் விஷயம்.

எக்ஸெலில் ஒரு சின்னக் கணக்கு

புதுக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். கீழே ஏ, பி, சி என்று அச்சாகியுள்ள இடங்களில் அந்தந்த ஆங்கில எழுத்தைத் தட்டவும்.

1. ஏ1 கட்டத்தில் 'படி', பி1 கட்டத்தில் 'ஆற்றல்', சி1 கட்டத்தில் 'அலைநீளம்' என்று தலைப்பு கொடுக்கவும்.

2. ஏ2 முதல் ஏ7 வரை 1, 2, 3, 4, 5, 6 என்று தட்டவும்.

3. பி2 கட்டத்தில் =-13.6/(ஏ2^2) என்று தட்டி என்டர் செய்யவும். பிறகு அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து பி7 வரை இழுக்கவும்.

4. சி4 கட்டத்தில் =1240/(பி4-பி$3) என்று தட்டி, அதே போல சி7 வரை இழுக்கவும். டாலர் குறியை விட்டு விடாதீர்கள். இழுக்கும்போது பி3 என்பது மாறாமல் இருக்க அது தேவை.

பி வரிசையில் -13.6, -3.4, -1.51, -0.85 என்று எண்கள் வரும். மைனஸ் எதற்கு? அணுவை விட்டு முழுவதும் வெளியேறிய எலக்ட்ரானின் ஆற்றலைப் பூஜ்யம் என்று வைத்திருக்கிறோம். கிணற்றின் விளிம்பு பூஜ்யம் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் மைனஸ்தானே? ஹைட்ரஜனின் எலக்ட்ரான் அடி நிலையில் 13.6 ஆழத்தில் இருக்கிறது. அந்த அளவு ஆற்றல் கொடுத்தால்தான் அதை வெளியே எடுக்க முடியும்.

சி வரிசையில் 656, 486, 434, 410 என்பதை ஒட்டி எண்கள் வரும். எலக்ட்ரான் மேல்படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது வெளியே வரும் ஒளியின் அலைநீளம் அது, நானோமீட்டரில். முதலாவது சிவப்பு, அடுத்தது நீலப்பச்சை, கடைசி இரண்டும் ஊதாப் பக்கம். ஹைட்ரஜன் விளக்கின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இதே நான்கு கோடுகளும் தெரியும். இந்தக் கோடுகளுக்கு 1885-லேயே யோஹான் பால்மர் ஒரு சூத்திரம் எழுதி விட்டார். எலக்ட்ரான் படி இறங்குவதால் அவை வருகின்றன என்று சொல்லப் போர் வர வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் உங்கள் கம்ப்யூட்டரில் அதைக் கணக்கிட்டு விட்டீர்கள்.

இறங்குகிற எலக்ட்ரான் ஏன் அணுக்கருவுக்குள்ளேயே விழுந்து விடுவதில்லை? எலக்ட்ரானைச் சின்ன இடத்தில் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் ஏறிக் கொண்டே போகும். அணுக்கருவின் இழுப்பும் இந்த ஏற்றமும் சரிக்கட்டும் இடம்தான் அடி நிலை. அதற்குக் கீழே படி கிடையாது.

மரக்காணம் உப்பு சொல்லும் பாடம்

எல்லா எலக்ட்ரானும் முதல் படியிலேயே நிற்க முடியாது. முதல் கூட்டில் 2 பேருக்குத்தான் இடம். அடுத்ததில் 8. இந்த இட ஒதுக்கீட்டுக்கு அடிப்படையான விதியை 1925-ல் பாலி சொன்னார். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். எனவே 2, 8, 1. குளோரின் அணுவில் 17. எனவே 2, 8, 7. சோடியம் ஒன்றைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக் கொள்ளும், இரண்டும் வெளிக்கூட்டில் எட்டு பெற்று உப்பாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்களில் குவிந்து கிடப்பது இந்த உப்புதான்.

"சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறதா சார்?" என்று விழுப்புரத்தில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. பாடத்தை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது.

உண்மையில் சோடியத்துக்கு அப்படி ஓர் ஆசை கிடையாது. சோடியத்தின் வெளி எலக்ட்ரானைப் பிடுங்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் செலவழிக்க வேண்டும். அதை வாங்கிக் கொள்ளும் குளோரின் திருப்பித் தருவது 3.61 மட்டுமே. வரவு செலவு பார்த்தால் 1.53 நஷ்டம். தன்னந்தனியாக, வெட்டவெளியில் இருக்கும் ஒரு சோடியம் அணு 2, 8, 1 என்ற தன் அடி நிலையிலேயே நிம்மதியாக இருக்கும். அதற்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு உப்பு எப்படி உருவாகிறது? எலக்ட்ரானை இழந்த சோடியம் பாசிட்டிவ். வாங்கிய குளோரின் நெகட்டிவ். இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து, வரிசை வரிசையாகப் படிகமாக அடுக்கிக் கொள்ளும்போது ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவருகிறது. நஷ்டம் போக 6-க்கு மேல் லாபம். எலக்ட்ரான்கள் முன்பை விட ஆழமான இடத்துக்கு வந்து விட்டன. எனவே உப்பு தானாக மறுபடி சோடியமும் குளோரினுமாகப் பிரியாது. உப்பில் இருக்கும் எலக்ட்ரான் கடல் தண்ணீர் மாதிரி.

இரண்டாவது எலக்ட்ரானையும் சோடியம் ஏன் கொடுப்பதில்லை? அதைப் பிடுங்க 47.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எந்தப் படிகமும் அந்தச் செலவை ஈடுகட்டாது. 'எட்டு' என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. மொத்தக் கணக்கில் எது குறைந்த ஆற்றலோ அதுவே நிலைக்கிறது. எட்டு என்பது அந்தக் கணக்கின் விடை பல இடங்களில் வந்து நிற்கும் இடம், அவ்வளவே.

அடுப்படியில் ஒரு சோதனையையும் நீங்கள் பார்த்திருக்கலாம். கேஸ் அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாகும். சுவாலையின் சூட்டில் உண்டாகும் சோடியம் அணுக்களில் வெளி எலக்ட்ரான் ஒரு படி ஏறி உடனே இறங்குகிறது. இறங்கும்போது 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி. எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது தெரியுமா? ஒரு செகண்டில் சுமார் ஆறு கோடியில் ஒரு பங்கு! தடுக்கச் சுவர் இல்லாவிட்டால் எலக்ட்ரான் மேலே தங்காது.

திருவக்கரைக் கல்மரம்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். சிப் செய்யும் சிலிக்கானில் 14 எலக்ட்ரான்கள்: 2, 8, 4. வெளியில் உள்ள நான்கையும் பக்கத்து நான்கு அணுக்களுடன் பங்கு போட்டுக் கொண்டு படிகமாகிறது. பிணைப்பில் உள்ள எலக்ட்ரானை விடுவிக்க 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். உப்பைப் போல ஒரேயடியாகப் பூட்டியும் இல்லை, செம்பைப் போலத் திறந்தும் இல்லை. நாம் நினைத்தால் ஓட விடலாம், நினைத்தால் நிறுத்தலாம். டிரான்சிஸ்டரின் அடிப்படை இதுதான்.

ஆனால் சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கதை வேறு. அதுதான் சிலிக்கா. சாதாரண மணலில் நிறைய இருப்பது அது. அது எவ்வளவு ஆழமான நிலை என்று பார்க்க வேண்டுமானால் வக்கிரகாளியம்மன் கோயில் உள்ள திருவக்கரைக்குப் போங்கள். அங்குள்ள கல்மரப் பூங்காவில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் தண்ணீரோடு வந்த சிலிக்கா புகுந்து, மரப்பொருள் இருந்த இடத்தைத் தான் பிடித்துக் கொண்டது. பட்டையும் வளையங்களும் இன்றும் தெரிகின்றன. 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைப் பாதுகாக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பென் டிரைவுக்குள் எலக்ட்ரானைத் தடுத்து வைக்கும் சுவரும் இதே சிலிக்காதான்.

ரேமும் பென் டிரைவும்

முதலில் ரேம். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி இது. இதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரில் நிற்கும் எலக்ட்ரான்கள். சுவர் மிகச் சாதாரணமானது, கசிந்து கொண்டே இருக்கும். எனவே கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிட்டையும் வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை படித்து மறுபடி எழுதுகிறது. அதாவது செகண்டுக்கு 15 தடவைக்கு மேல். கரண்ட் போனால் இந்த வேலை நிற்கிறது, சேவ் செய்யாத கடிதம் காணாமல் போகிறது. யாரும் அழிக்கவில்லை. எலக்ட்ரான்கள் இறங்கி விட்டன, அவ்வளவுதான்.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் ஃபிளாஷ் மெமரி வகை. சுற்றிலும் சிலிக்கா சூழ்ந்த ஒரு சின்னத் தீவில் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கலாம் என்று 1967-ல் பெல் ஆய்வகத்தில் டவான் காங், சைமன் சே இருவரும் காட்டினார்கள். 1980-களில் தோஷிபாவில் ஃபியூஜியோ மசுவோகா அதை ஃபிளாஷ் மெமரியாக வளர்த்தார். இன்றைய பல சிப்களில் தீவுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு என்ற படலம் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கிறது. தத்துவம் ஒன்றுதான்.

சிலிக்கா சுவரின் உயரம் 3 எலக்ட்ரான் வோல்டுக்குச் சற்று மேல். சாதாரண வெப்பத்தில் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 0.026 மட்டுமே. எனவே ஏறிக் குதிக்க வாய்ப்பே இல்லை. ஆனால் எலக்ட்ரானுக்கு இன்னொரு குணம் உண்டு. சுவர் மிக மெல்லியதாக இருந்தால் ஏறாமலேயே அதை ஊடுருவி அந்தப் பக்கம் போய் விடும். பென் டிரைவில் எழுதுவதே இப்படித்தான். யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட். சிப் அதை உள்ளேயே 20 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, எலக்ட்ரான்களைச் சுவர் வழியாக உள்ளே தள்ளுகிறது. அழிக்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

நுழைய முடிந்த இடத்தில் வெளியே வரவும் முடியும் அல்லவா? சுவரின் தடிமன் பத்து நானோமீட்டருக்குள். ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் அதில் சின்னச் சின்னப் பழுதுகள் விழுகின்றன. எலக்ட்ரான் அந்தப் பழுதுகளில் கால் வைத்துக் கால் வைத்து வெளியே நழுவும். சூடு அதிகமானால் இது வேகமாக நடக்கும். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களும் லட்சக்கணக்கில் இல்லை. ஒரு செல்லுக்குச் சில நூறு அல்லது அதை விடக் குறைவு. விலை மலிவான சிப்களில் ஒரே செல்லில் மூன்று பிட் எழுத, எட்டு வெவ்வேறு அளவுகளில் எலக்ட்ரானை நிறுத்துகிறார்கள். கொஞ்சம் கசிந்தாலும் ஓர் அளவு இன்னொன்றாகி விடும்.

திருவக்கரையில் 2 கோடி ஆண்டு நிற்கும் சிலிக்கா அடி ஆழத்தில் இருக்கும் பொருள். பென் டிரைவில் அதற்குப் பின்னால் நிற்கும் எலக்ட்ரான்களோ அணைத் தண்ணீர். சுவர் கெட்டிதான், உள்ளே நிற்பது நிலையானதல்ல. உங்கள் போட்டோ அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

எத்தனை வருடம்?

புதிய, அதிகம் எழுதி அழிக்காத ஃபிளாஷ் சிப்புக்கு 10 வருடம் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தேய்ந்ததற்கு இது பொருந்தாது. ஜெடெக் என்ற சர்வதேச தர அமைப்பின் விதிப்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் டேட்டாவைக் காத்தால் போதும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கிறது?

என்ன செய்யலாம்?

1. முக்கியமான ஃபைல்களுக்கு பென் டிரைவை ஒரே இடமாக வைக்காதீர்கள். கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி, தனி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி இருக்கட்டும். முடிந்தால் இன்டர்நெட்டிலும் ஒன்று.

2. வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை மாதிரி ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, பென் டிரைவில் உள்ளதை முழுவதும் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்யவும். ஃபைல்களைத் திறந்து சரி பார்க்கவும். பிறகு பென் டிரைவை ஃபார்மேட் செய்து மறுபடி எழுதவும். அணையை மறுபடி நிரப்புவது போல எலக்ட்ரான்கள் முழு அளவில் நிற்கும். சும்மா செருகி எடுத்தால் மட்டும் போதாது.

3. தினமும் பாட்டு ஏற்றி அழிக்கும் பென் டிரைவும், பத்திரமாக வைக்கும் பென் டிரைவும் வேறு வேறாக இருக்கட்டும். தேய்ந்த சுவருக்குப் பின்னால் பட்டாவை வைக்க வேண்டாம்.

4. தகரக் கூரைக்குக் கீழே உள்ள பெட்டி, காரின் டேஷ்போர்டு, டிவியின் மேல்பக்கம் ஆகிய இடங்களில் வைக்காதீர்கள். குளுமையான, ஈரமில்லாத அலமாரி போதும்.

5. கடைசியாக, மதிப்பெண் பட்டியல், பத்திரம் இவற்றின் அசல் காகிதத்தை ஸ்கேன் செய்து விட்டோமே என்று அலட்சியமாக விடாதீர்கள்.

எக்ஸெல் ஃபைலையும் 'ஹைட்ரஜன்' என்று பெயர் கொடுத்து சேவ் செய்து கொள்ளுங்கள். பி வரிசையில் உள்ள 13.6 என்பதை 54.4 என்று மாற்றிப் பாருங்கள். ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் படிகள் கிடைக்கும். அடி நிலை எவ்வளவு ஆழமாகி விட்டது, ஏன் என்று வீட்டில் உள்ள பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கேளுங்கள். அணுக்கருவின் மின்சுமை இரட்டிப்பானால் ஆழம் நான்கு மடங்கு ஆகும் என்று அவர்கள் சொல்லி விட்டால், பாடம் புரிந்து விட்டது.